புகையை அளந்தவளுக்கு

போன கிழமை சிலாபம் மீன் சந்தையில் எனக்கு மீன் வெட்டிக் கொடுத்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். கடற்காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, நிதானமாக இழுத்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தேன். பெருவிரலும் சுட்டுவிரலும் பஞ்சு முனையை முழுதாகச் சுற்றிப் பிடித்திருந்தன. மிச்சத்தை உதடுகள் மூடியிருந்தன. பஞ்சைச் சுற்றியுள்ள தாளில் கண்ணுக்கு இலேசில் தெரியாத துளைகள் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த நேரம் அவற்றில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை என்பதும்.

மீன் பையை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது, இதை இனி யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். நீ இருந்திருந்தால் அங்கேயே என் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாய். "இன்னும் ரெண்டு இழுப்புப் பாத்திட்டுப் போவம்" என்று சொல்லியிருப்பாய். மீன் நாறினாலும் உனக்குப் பரவாயில்லை.

ஒரே வளாகத்தில், ஒரே பீடத்தில் படித்தும் நாம் இருவரும் பழகியது ரயிலில்தான். வெள்ளிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து புத்தளம் வரும் ரயிலில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாய். சிலாபம் தாண்டியதும் பெட்டியில் கூட்டம் குறைந்தது. நீ உன் சோற்றுப் பார்சலைப் பிரித்து, கேட்காமலே பாதியை என் பக்கம் தள்ளினாய். பிறகு சட்டென்று கையை நிறுத்தி, "மீன்தான். நீங்க சாப்பிடலாம்தானே?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். உன் ஊர் உடப்பு; நீ பத்துளு ஓயா நிலையத்தில் இறங்கிவிடுவாய். நான் புத்தளம் வரை போய், பஸ் மாறி, கரைத்தீவு போக வேண்டும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை. எனக்கு மன்னார் ஞாபகமில்லை என்று சொன்னேன். "அப்ப நீ எங்கட ஊர் ஆள்தான்" என்று நீ சொன்னாய். அதை யாரும் அப்படி இலேசாக எனக்குச் சொன்னதில்லை.

பட்டம் முடிந்த பிறகு இருவருக்கும் கொழும்பில் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. எங்கள் வேலையை வெளியாட்களுக்கு விளங்கப்படுத்துவது எப்போதும் சிரமமாகவே இருந்தது. ஓர் அறை, அதற்குள் சிகரெட் புகைக்கும் ஓர் இயந்திரம். அது குறித்த இடைவெளியில், குறித்த அளவு புகையை இழுக்கும். அந்தப் புகையை ஒரு திரவத்துக்குள் குமிழிகளாக விடுவோம். அந்தத் திரவத்தை, தட்டுகளில் வளர்த்த நுரையீரல் கலங்களின் மேல் விடுவோம். பிறகு சிவப்புச் சாயம். உயிரோடிருக்கும் கலம் சாயத்தை உள்ளே எடுத்துச் சிவக்கும். செத்த கலம் வெளிறிக் கிடக்கும். எவ்வளவு சிவப்பு மிஞ்சியது என்பதுதான் எங்கள் விடை. இயந்திரத்துக்கு நீ 'மாமா' என்று பெயர் வைத்தாய். நாள் முழுக்கப் புகைத்தும் ஒருமுறைகூட இருமாத மாமா.

நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் புதுரக சிகரெட் ஒன்றைச் சோதிக்கச் சொல்லி ஒரு கம்பனி அனுப்பியிருந்தது. அந்தச் சோதனையைச் செய்தது நீ. வழக்கமான முறைப்படியே செய்தாய். வழக்கமான சிகரெட்டோடு ஒப்பிட்டால் அது பாதி அளவு கலங்களைத்தான் கொன்றது. அப்படியே எழுதிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு அதை நாம் மறந்துவிட்டோம்.

அந்த சிகரெட் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு உன்னோடு உடப்புக்கு வந்திருந்தேன். உன் அப்பா கடலிலிருந்து திரும்பி, குளித்து, வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தன்னை 'அப்பா' என்றே கூப்பிடும்படி என்னிடம் சொன்னவர் அவர். சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்து எங்களுக்குக் காட்டினார்.

"இது பாரமில்லாத சிகரட் மகள். பழசை விட்டிட்டன்."

நீ பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாய். "ஆர் சொன்னது பாரமில்லை எண்டு?"

"கடையில பெரிசா ஒட்டியிருக்கு. பாதி நஞ்சுதானாம். கொழும்பில உங்கட ஆய்வுகூடத்திலதான் பாத்ததாம். நான் கடைக்காரனிட்டச் சொன்னன், அங்கதான்டா என்ர மகள் வேலை செய்யிறாள் எண்டு." அவருடைய முகத்தில் அப்படியொரு பெருமை. "உன்ர ஆக்கள் சொன்னதெண்டபடியா நம்பி வாங்கினன்."

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாய். அவர் ஒன்றைப் பற்றவைத்தார். நாம் இருவரும் அவர் புகைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பஞ்சு முனையை விரல்களால் இறுக்கிப் பிடித்து, கன்னம் குழிய இழுத்தார். மாமா ஒருமுறை இழுக்கும் நேரத்துக்குள் அவர் இரண்டு முறை இழுத்துவிட்டார்.

"ஒரு குறைதான்," என்றார். "பழசு மாதிரி இழுபடாது. கொஞ்சம் தம்பிடிச்சு இழுக்கோணும். ஒண்டு போதாமலும் கிடக்கு."

அன்று மாலை கடற்கரையில் நடக்கும்போதுதான் நீ வாய் திறந்தாய். "நான் குடுத்தது சரியான கணக்கு. மாமா இழுத்தா அப்பிடித்தான் வரும். மாமாவுக்கு விரல் இல்லை. துளையெல்லாம் திறந்து கிடக்கும். காத்துக் கலந்து புகை ஐதாகும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாய்: "ஆனா அப்பா மாமா இல்லை."

திங்கட்கிழமை ஆய்வுகூடத்துக்கு வந்ததும் நீ மெல்லிய ஒட்டுத்தாள் எடுத்து அந்தத் துளைகளை மூடினாய். மாமாவை ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வைத்தாய். பழைய சிகரெட்டையும் புதிய சிகரெட்டையும் அருகருகே சோதித்தாய். தட்டுகள் இரண்டும் ஒரே மாதிரி வெளிறிப்போயின. எது புதியது, எது பழையது என்று பெயரைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை. நீ திரும்பவும் செய்தாய். திரும்பவும் அதே வெளிறல்.

பணிப்பாளரிடம் நாம் இருவரும் போனோம். அவர் கெட்டவரல்ல. நீ கொண்டுபோன படங்களை நேரமெடுத்துப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார்: "மகள், இது உன் இயந்திரத்தில் உன் கையால் வந்த முடிவு. வேறோர் ஆய்வுகூடம் இதையே செய்து இதே முடிவு வராவிட்டால், கம்பனியின் சட்டத்தரணி இதை ஒரு நிமிடத்தில் கிழித்துப் போடுவார். அதற்குப் பிறகு நீ சரியாகச் செய்ததையும் யாரும் நம்ப மாட்டார்கள்."

அறைக்கு வெளியே வந்ததும் எனக்குத்தான் கோபம். அவர் கம்பனிக்குப் பயப்படுகிறார் என்று நான் சொன்னேன். நீ தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்து ஆற்றிக்கொண்டே இருந்தாய். "அவர் சொல்றது சரி," என்றாய். "நான் மட்டும் அளந்தா அது என்ர கதை. எல்லாரும் அளந்து ஒரே விடை வந்தாத்தான் அது புகையின்ர கதை."

அதிலிருந்துதான் உன் நீண்ட வேலை தொடங்கியது. இதே விஷயத்தை ஆராயும் மற்ற நாட்டு ஆய்வுகூடங்களுக்கு ஒவ்வொன்றாக எழுதினாய். வந்த பதில்களைப் பார்த்துத் தலையில் கைவைத்தோம். ஓரிடத்தில் சிகரெட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்கள். ஓரிடத்தில் மேசை மேலேயே கிடந்தது. ஈரப்பதன் மாறினால் எரிவது மாறும், எரிவது மாறினால் புகை மாறும். சிலர் புகையைத் திரவத்தில் விட்டார்கள், சிலர் புகையின் கரிய பிசினான தாரை மட்டும் வடித்தெடுத்தார்கள். சிலர் ஒரு சிகரெட்டுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள், சிலர் ஒரு மில்லிகிராம் தாருக்கு எவ்வளவு என்றார்கள். எல்லாரும் நேர்மையாகத்தான் வேலை செய்தார்கள். ஆனால் ஒருவருடைய விடையை இன்னொருவருடைய விடைக்குப் பக்கத்தில் வைக்க வழியே இருக்கவில்லை.

ஹஜ் பெருநாளுக்கு நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது உம்மா உன்னைக் கேட்டது அதைப் பற்றித்தான். வட்டிலப்பத்தை உன் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டார்: "புகை கூடாதெண்டு சின்னப் புள்ளைக்கும் தெரியும். அதுல இவ்வளவு காலம் என்ன புள்ள படிக்கிறீங்க?"

"கூடாதெண்டு தெரியும் உம்மா. எவ்வளவு கூடாதெண்டு எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லோணும். ஆளுக்கு ஆள் ஒவ்வொண்டு சொன்னா, விக்கிறவன் தனக்கு வாய்ப்பானதைத் தூக்கிக்கொண்டு போயிடுவான்."

உம்மா கொஞ்சம் யோசித்தார். "முகாமில எங்களுக்கு அரிசி அளந்த மாதிரி," என்றார். "ஒருத்தன் தகரப் பேணியக் கும்பமா அள்ளித் தருவான். ஒருத்தன் வழிச்சுத் தருவான். ரெண்டு பேருக்கும் அது ஒரு பேணிதான். அதுக்காகக் கிழிபட்ட சட்டையள் எத்தனை."

நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, உம்மாவிடம் அந்த முகாம் கதையை முழுதாகக் கேட்டாய். யார் அளந்தார்கள், யார் சண்டை பிடித்தார்கள், கடைசியில் எப்படித் தீர்ந்தது என்றெல்லாம். உம்மா அதைப் பற்றி எங்களிடமே அவ்வளவு கதைத்ததில்லை. நீ போன பிறகு, "நல்ல புள்ள. ஆனா சாப்பாட்டை ஆறவிட்டுட்டு" என்று குறைப்பட்டார்.

ஒரே பெட்டியில் வந்த சிகரெட்டுகளைப் பிரித்து எல்லா ஆய்வுகூடங்களுக்கும் அனுப்பினோம். கூடவே எப்படிச் செய்ய வேண்டும் என்ற நீண்ட குறிப்பும். முதற் சுற்று முடிவுகள் வந்தபோது மற்றவர்கள் ஓரளவு ஒன்றாக நின்றார்கள். தனியே விலகி நின்றது எங்கள் ஆய்வுகூடம். எங்கள் புகை மட்டும் குறைவாகக் கொன்றது. திட்டத்தைத் தொடங்கிய நீயே பிழையான பக்கத்தில் நின்றாய். வேறொரு நாட்டிலிருந்து ஒருவர், உங்கள் கலங்கள் பழையவையாக இருக்கலாம் என்று மரியாதையாக எழுதினார். பணிப்பாளர் எங்கள் முடிவை விட்டுவிட்டு மற்றவர்களுடையதை மட்டும் வெளியிடலாமா என்று கேட்டார். நீ மறுத்தாய்.

ஒவ்வொரு படியையும் மாற்றிப் பார்த்தோம். கலங்களை மாற்றினோம், சாயத்தை மாற்றினோம், திரவத்தைப் புதிதாகக் கலந்தோம். எதுவும் அசையவில்லை. ஒருநாள் நல்ல மழை. மாமாவின் அறை தீ விதிகளுக்காக வேறு கட்டடத்தில் இருந்தது என்பதால், புகை கரைந்த திரவத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, முற்றத்தைக் கடந்து, கலங்கள் இருந்த கட்டடத்துக்குக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். அன்று மழை விடும்வரை தாழ்வாரத்தில் காத்து நின்றோம். பெட்டியை நான் பிடித்திருந்தேன். நீ முற்றத்தில் நிறைந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சட்டென்று என் பக்கம் திரும்பினாய்.

"நாங்க இஞ்ச நிக்கேக்க இதுக்குள்ள என்ன நடக்குது?"

"என்ன நடக்கும்? ஐஸில கிடக்கு."

"கிடக்கு. ஆனா வயசு போகுதுதானே."

அன்றைய தட்டுகள் என்றைக்கும் இல்லாதபடி சிவப்பாக இருந்தன. மழையில் காத்து நின்ற நேரத்தில் நஞ்சின் ஒரு பகுதி தானாகவே மாறிப்போயிருந்தது. மற்ற ஆய்வுகூடங்களில் இயந்திரமும் கலங்களும் ஒரே அறையில் இருந்தன. எங்கள் புகைக்கு மட்டும் முற்றம் கடக்க வேண்டியிருந்தது. குறிப்பில் 'உடனே' என்று நீதான் எழுதியிருந்தாய். அவர்களுடைய உடனே வேறு, எங்களுடைய உடனே வேறு.

நீ அதை எல்லாருக்கும் எழுதி அறிவித்தாய். வெட்கப்படவே இல்லை. நாங்கள் வேகமாக நடக்கப் பழகலாம் என்று நான் சொன்னதற்கு, "நாங்க ஓடினா எங்கட பிரச்சினை தீரும். முற்றம் உள்ள அடுத்த ஆய்வுகூடத்துக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டாய். எல்லாரும் ஒரே அளவு நேரம் காத்திருந்து பிறகு கலங்களின் மேல் விட வேண்டும் என்று குறிப்பை மாற்றினாய். பக்கத்து மேசையில் கலங்களை வைத்திருந்தவர்களும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒருவர் முணுமுணுத்தார். ஆனாலும் காத்திருந்தார்.

இரண்டாம் சுற்றில் எங்கள் புள்ளி மற்றப் புள்ளிகளோடு போய்ச் சேர்ந்தது. துளைகள் திறந்திருந்தால் ஒரு விடை, மூடியிருந்தால் வேறு விடை என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுபோலவே வந்தது. திரையில் அதைப் பார்த்தபோது நான் உன் முதுகில் ஓங்கி அடித்தேன். நீ எழுந்து வெளியே போனாய். அழப் போகிறாய் என்று நினைத்தேன். கன்ரீனிலிருந்து எல்லாருக்கும் சுடச்சுட, மீன் வைத்த மாலுபான் வாங்கிக்கொண்டு வந்தாய்.

இந்த முறை பணிப்பாளரே முடிவை எடுத்துக்கொண்டு உரிய இடங்களுக்குப் போனார். கொஞ்ச காலம் எடுத்தது. கடிதங்கள் போயின, வந்தன. ஒருநாள் உன் அப்பா தொலைபேசியில், கடையில் ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டார்கள் என்று சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் உன்னோடு பத்துளு ஓயாவில் இறங்கினேன். அவரிடம் இருந்து நீ எதையோ எதிர்பார்த்தாய். அது எனக்கு உன் நடையிலேயே தெரிந்தது. நீ அவருக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாய். துளைகள், விரல், இழுப்பு. அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப ரெண்டும் ஒண்டுதான் எண்டு சொல்றாய்?"

"ஓம் அப்பா. நீங்க குடிக்கிற மாதிரிக் குடிச்சா ரெண்டும் ஒண்டுதான்."

"அப்ப சரி," என்று சொல்லிப் பையிலிருந்த பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். "பழசையே குடிக்கலாம். அதுதான் தொண்டைக்குப் பிடிச்சது."

உன் முகம் போன போக்கை நான் இப்போதும் மறக்கவில்லை. உன் அம்மா அடுக்களையிலிருந்து சத்தமாகச் சிரித்தார். ரயிலில் திரும்பி வரும்போது சிலாபம் நிலையத்தைப் பற்றியோ எதைப் பற்றியோ நான் கதைத்துக்கொண்டு வந்தேன். நீ இடையில் சொன்னாய்: "நான் அவருக்குப் பொய் சொல்லேல்ல. இனி அவர் தெரிஞ்சு குடிக்கிறார். அந்த வித்தியாசம் போதுமா எண்டுதான் எனக்குத் தெரியாது."

நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து உன்னிடம் நீட்டினேன்.

உன் நோயைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். உனக்கு அது பிடிக்காது. சூலகத்தில் கட்டி. சத்திர சிகிச்சை, பிறகு கொழும்பு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றல். நம் வேலைக்கும் அதற்கும் தொடர்பிருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை. தெரிந்தவர்கள் பலர், அந்தப் புகைக்குள் வேலை செய்ததால்தான் வந்தது என்று கதைத்தபோது, "ஆதாரம் இல்லாததைச் சொல்ல வேண்டாமெண்டு சொல்லு" என்று என்னைத்தான் அனுப்பினாய். வலி பத்தில் எத்தனை என்று தாதி கேட்டபோது, "நேத்து நான் சொன்ன பத்தும் இண்டைக்குச் சொல்லப்போற பத்தும் ஒண்டில்லை, பரவாயில்லையா?" என்று திருப்பிக் கேட்டாய். அந்தப் பிள்ளை திகைத்து நின்றது. பிறகு சிரித்தது.

கட்டி அடங்குகிறதா, வளர்கிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று இருந்தது. அதை வழக்கமாகக் கொழும்பிலேயே செய்தோம். ஒருமுறை உனக்குப் பயணம் செய்யத் தெம்பில்லை. சிலாபத்தில் ஓரிடத்தில் இரத்தம் கொடுத்தாய். விடை வந்தபோது நானும் உன் வீட்டில் இருந்தேன். முன்னையதிலும் எவ்வளவோ குறைவு. உன் அப்பா தாளைக் கையில் பிடித்தபடி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். உன் அம்மா கோயிலுக்குப் போகச் சேலை மாற்றினார். நான் உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டேன். அவர் அங்கேயே தொழுகைப் பாயை விரித்துவிட்டார் என்று பிறகு அறிந்தேன்.

நீ தாளைக் கேட்டாய். வாசித்தாய். மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாய்.

"அப்பா, கொஞ்சம் இருங்க. இது வேற ஆய்வுகூடம். அவங்க சோதனைக்குப் போடுற மருந்து வேற, இவங்க போடுறது வேற. அதையும் இதையும் பக்கத்தில வைக்கேலாது."

"குறைஞ்சிருக்கு மகள். நம்பரிலயே தெரியுதே."

"குறைஞ்சிருக்கா எண்டு இதில தெரியாது. கொழும்பில எடுத்தாத்தான் தெரியும்."

"இப்ப ஏன் அதை? ரெண்டு நாள் சந்தோஷமா இருந்திட்டுப் பாப்பமே." அதைச் சொன்னது நான்.

நீ என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கவில்லை. "நீ இதைச் சொல்லலாமா?" என்று மட்டும் கேட்டாய். அடுத்த நாள் வாடகை வான் பிடித்துக் கொழும்புக்குப் போனோம். நீ பின் இருக்கையில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாய். சிலாபத்தில் பிழை இல்லை, கொழும்பிலும் பிழை இல்லை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் பேணியால் சரியாகவே அளந்திருந்தார்கள். பழைய அளவுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய விடை வந்தபோது அது முன்னையதிலும் கூடியிருந்தது. நிறையவே கூடியிருந்தது.

வைத்தியர் இன்னொரு மருந்து இருப்பதாகச் சொன்னார். அதற்கு ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டும். பலன் பெரிதாக இராது என்றும் மறைக்காமல் சொன்னார். நீ நன்றி சொன்னாய். அறைக்கு வெளியே, சக்கரக் கதிரையில் இருந்தபடி, "வீட்டுக்குப் போவம்" என்றாய். "தெரிஞ்சபடியாத்தான் போகலாம். தெரியாட்டி இஞ்சதான் கிடந்திருப்பன்."

அதற்குப் பிறகு உடப்பில் உனக்குக் கிடைத்த காலம் நல்ல காலம் என்று நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நான் பார்த்தேன். உன் அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு உன் பக்கத்திலேயே இருந்தார். நீ கேட்கவில்லை; அவராகவே புகைப்பதற்கு வேலிக்கு அப்பால் போனார். திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு உன்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். பறை ஒலிக்க, தணல் சிவக்க, நீ சின்னப் பிள்ளை மாதிரிக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாய். நடுவில் உன் தொலைபேசிக்குச் செய்தி வந்துகொண்டிருந்தது. எல்லா ஆய்வுகூடங்களும் சேர்ந்து எழுதிய முறைநூலின் கடைசித் திருத்தம். யாரோ ஓரிடத்தில் திரும்பவும் 'உடனே' என்று எழுதிவிட்டார்கள். "உடனே எண்டது ஒரு அளவில்லை" என்று எனக்குச் சொல்லி, என் கையால் பதில் எழுதுவித்தாய். அந்தச் சொல் எடுபட்டது. நூல் வெளிவந்தபோது நீ இல்லை.

உன் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு நான் உடப்புக்கு வந்தேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு உன் அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"மகள், ஒண்டு கேக்கோணும். அந்தச் சிலாபத்துத் தாளை நம்பியிருந்தா இன்னும் கொஞ்சம் சந்தோஷமா இருந்திருப்பம்தானே. அவள் ஏன் அதை விடேல்ல?"

வழியெல்லாம் நான் என்னையே கேட்டுக்கொண்டு வந்த கேள்வி அது. "விட்டிருந்தா அவ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சுகொண்டே இருந்திருப்பா அப்பா. இஞ்ச உங்களோட இருந்திருக்க மாட்டா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, சும்மா ஆட்டினாரா தெரியவில்லை. "தீமிதி பாத்தவள்," என்றார். "ஓம். தீமிதி பாத்தவள்." பிறகு எழுந்து போய்க் கடலைப் பார்த்து நின்றார். அன்று அவர் ஒன்றும் பற்றவைக்கவில்லை. இப்போது குறைத்திருப்பதாக உன் அம்மா சொல்கிறார். நிறுத்திவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையில்லை.

ஆய்வுகூடத்தில் உன் வேலை என்னிடம் வந்திருக்கிறது. புதிதாகச் சேரும் ஆய்வுகூடங்களுக்கு முறையைச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் புகை இப்போதும் முற்றம் கடந்துதான் வருகிறது. ஆனால் நீ எனக்குத் தந்துபோனது அங்கே மட்டும் நின்றிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அது என்னோடு வீட்டுக்கும் வருகிறது. நல்ல செய்தி எது வந்தாலும், அதைக் கொண்டாடுவதற்கு முன்னால் எனக்குள் ஒரு கேள்வி எழும்பி நிற்கிறது. முன்பெல்லாம் நான் அப்படி இருந்ததில்லை.

சில நாட்களுக்கு முன் கரைத்தீவுக்குப் போயிருந்தேன். உம்மாவுக்குச் சீனி வருத்தம். தம்பி புதிதாக ஓர் அளவுக்கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறான். உம்மா என்னைக் கண்டதும் சந்தோஷமாக, "பாரு, சீனி நல்லாக் குறைஞ்சு போச்சு" என்றார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "முந்தி எதுல பாத்தீங்க? சாப்பிட முந்தியா, சாப்பிட்ட பொறகா?" என்று கேட்டுவிட்டேன்.

உம்மாவின் முகம் சுருங்கியது. "அவளப் போலவே கேக்கிறாய்," என்றார். கோபமாகத்தான் சொன்னார். பிறகு உம்மா உள்ளே போய், அலுமாரியின் அடித்தட்டிலிருந்து தன் பழைய கருவியைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார்.

மறுநாள் காலை, தேநீர் குடிக்க முதல், இரண்டு கருவிகளையும் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்து விரலை நீட்டினார்.